புற்றிலிருந்து ஒன்று, பனையிலிருந்து ஒன்று: கானா வீட்டுச் சட்டியில் இரு காளான்கள்

கானா நாட்டுச் சமையல் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு வரியில் மட்டும் எனக்கு எப்போதும் இடறும். தக்காளி இத்தனை, வெங்காயம் இத்தனை, புகைபோட்ட மீன் இவ்வளவு என்று கறாராகக் கணக்குச் சொல்லிக்கொண்டே வருபவர்கள், அந்த இடத்துக்கு வந்ததும் 'காளான் இரண்டு கைப்பிடி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்தக் காளான்? மீன் குழம்பு என்று எழுதினால் நெத்திலியா வஞ்சிரமா என்று கேட்கமாட்டோமா?

அகான் மக்கள் பேசும் ட்வி மொழியில் காளானுக்குப் பொதுப்பெயர் 'ம்மிரே'. மழைக்காலத்தில் முளைத்து வீட்டுச் சட்டிக்கு வந்துசேரும் ம்மிரேயில் பல வகை உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, கரையான் புற்றுக்காளான்; அறிவியலில் டெர்மிட்டோமைசெஸ். மற்றது, எண்ணெய்ப்பனையின் அழுகிய அடிமரத்தில் வரும் 'டோமோ'. வோல்வேரியெல்லா வோல்வேசியா என்பது அதன் நூற்பெயர். நம் ஊரில் வைக்கோல் காளான் என்போமே, அதேதான். இரண்டும் ஒரே மழையில் வரும், சில நாள் ஒரே கூடையிலும் வரும். ஆனால் முதலாவது உயிரோடிருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து கிளம்புகிறது. இரண்டாவது வெட்டிச் சாய்த்த மரத்திலிருந்து. சட்டிக்குள் அவை நடந்துகொள்ளும் விதமும், சந்தையில் விலைபோகும் விதமும், கடைசியில் ஆய்வுக்கூடம் அவற்றை நடத்திய விதமும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

புற்றுக்காளானிலிருந்து தொடங்கலாம். கரையான் மரத்தைத் தின்னும் என்று சொல்கிறோம். கரையான்களில் ஒரு பெரும் பிரிவுக்கு மரத்தைத் தனியாகச் செரிக்க முடியாது. சருகையும் சுள்ளியையும் மென்று விழுங்கி, பாதி செரித்த நிலையில் எச்சமாக இட்டு, அதைக்கொண்டே புற்றுக்குள் கடற்பஞ்சு போலத் துளைதுளையான கூடுகளைக் கட்டும். அந்தக் கூட்டின்மேல் டெர்மிட்டோமைசெஸ் படரும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளை உடைத்து மென்மையாக்கும் வேலை அதனுடையது. படர்ந்த இடத்தில் கடுகளவு வெள்ளை உருண்டைகள் திரளும். கரையான் அந்த உருண்டைகளையும், நன்றாகப் பழுத்த கூட்டையும் தின்னும். ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க மழைக்காட்டில் ஒரே ஒரு முறை உண்டான கூட்டு இது. பிற்பாடு கரையானோடு ஆசியாவுக்கும் வந்தது. நம் வரப்போரம் மழைக்குப் பிறகு முளைக்கும் புற்றுக்காளானுக்கும் பூர்வீகம் அந்தக் காடுதான்.

ஆண்டின் பெரும்பகுதி இந்தப் பூஞ்சை மண்ணுக்குள் அடங்கியே இருக்கும். கனமழை இரண்டு மூன்று விழுந்து மண் ஊறிய பிறகுதான் கூட்டிலிருந்து ஒரு தண்டு மேலே கிளம்பும். கூடு ஆழத்தில் இருந்தால் அந்தத் தண்டு வேர்போல நீண்டு நீண்டு வரவேண்டும். குடையின் உச்சியில் கூரான ஒரு முனை இருக்கும். இறுகிய மண்ணைக் குத்தித் துளைத்துக்கொண்டு வருவதற்கான ஆணி அது. வெளிச்சத்துக்கு வந்ததும் குடை விரியும், ஆணி மட்டும் நடுவில் குமிழாக நிற்கும். பறிப்பவர்கள் தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டி இழுத்தால் அது முடியாமல் வந்துகொண்டே இருக்கும்; கடைசியில் எங்கோ அடியில் 'டக்'கென்று அறுபடும். வகைக்கு வகை அளவு மாறும். சாம்பியாவில் வரும் ஒரு வகையின் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியும். 1980இல் அதற்கு டைட்டானிக்கஸ் என்றே பெயர் வைத்தார்கள். இன்னொரு வகை சட்டைப் பொத்தான் அளவே இருக்கும், ஆனால் தரையில் அரிசியைக் கொட்டிவிட்டது போல ஆயிரக்கணக்கில் வரும். கரையான்கள் பழைய கூட்டுத் துண்டுகளை வெளியே கொண்டுவந்து போடும்போது முளைப்பவை அவை.

எல்லாக் கரையானும் ஆள் உயரப் புற்று கட்டுவதில்லை. முழுக்க மண்ணுக்கடியில் வாழும் இனங்களும் உண்டு. வெற்றுத் தரை என்று நாம் நினைக்கும் இடத்தில் காளான் கிளம்பும். எனவே புற்றுக்காளான் எடுப்பது பெரும்பாலும் ஞாபக வேலை. போன ஆண்டு எந்த மரத்தடியில், எந்தத் தோட்டத்து மூலையில், எத்தனையாவது மழைக்குப் பிறகு வந்தது என்று மனத்தில் வைத்திருப்பவருக்கே அது கிடைக்கும். குடி அழியாதவரை அது அதே இடத்துக்கு வரும். விடிவதற்குள் போகவேண்டும்; வெயில் ஏறினால் புழுவும் பூச்சியும் முந்திக்கொள்ளும்.

டோமோவின் கதை வேறு. அதைச் சொல்லக் கள் இறக்குவதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

நம் பனையேறி மரத்தில் ஏறிப் பாளையைச் சீவிக் கள்ளோ பதநீரோ இறக்குவார்; மரம் பல ஆண்டு நிற்கும். கானாவின் தென்பகுதியில் எண்ணெய்ப்பனையைப் பெரும்பாலும் வேரோடு சாய்த்துவிடுவார்கள். சாய்ந்த மரத்தைச் சில நாள் அப்படியே வாடவிட்டு, மட்டைகளைக் கழித்து, குருத்துப் பக்கத்தில் சதுரமாக ஒரு குழி வெட்டி, அடியில் பானையைப் பொருத்துவார்கள். காலையும் மாலையும் குழியின் பரப்பை மெல்லியதாகச் சீவி, தீப்பந்தத்தால் சற்று வாட்டினால் சாறு மறுபடி ஊறும். ஒரு மாதம், சில மரத்தில் அதற்கும் மேலும் கள் வடியும். அதன் பிறகு மரம் கிடந்து அழுகும். நம் ஊர்க் கண்ணுக்கு இது கொலைபாதகமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே எண்ணெய்ப்பனை நட்டு வளர்க்காமலும் தானாக முளைக்கும் மண்ணின் மரம். உணவுப்பயிருக்கு நிலத்தை ஒழுங்குசெய்யும்போது வயதான மரங்களை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும்.

அந்த அழுகலில்தான் விருந்து தொடங்குகிறது. மரத்தின் வாசனைக்குக் கூன்வண்டு வந்து முட்டையிடும். கட்டைவிரல் பருமனில் கொழுத்த புழுக்கள் உள்ளே வளரும். அகொகொனோ என்று பெயர். வறுத்தால் அதன் கொழுப்பிலேயே பொரியும், விரும்பிச் சாப்பிடுவார்கள். மழை விழுந்ததும் அடிமரத்தின் பட்டை இடுக்கிலிருந்து சாம்பல் நிற முட்டைகள் போல டோமோ தலைகாட்டும். முதலில் ஒரு தோலுறைக்குள் முழுக் காளானும் மடங்கிக் கிடக்கும். ஒரு நாளில் உறை கிழிந்து தண்டு நிமிரும். கிழிந்த உறை தண்டின் அடியில் கிண்ணமாகத் தங்கும். முட்டைப் பருவத்தில் எடுத்தால் சதை கெட்டியாக இருக்கும், விரிந்தால் துவண்டுவிடும்.

டோமோவுக்கு லிக்னினை உடைக்கும் வலிமை குறைவு. மாவுப்பொருளும் சர்க்கரையும் மெல்லிய நாரும் உள்ள இடமே அதற்குச் சரிப்படும். அதனால்தான் காட்டின் கெட்டி மரங்களை விட்டுவிட்டுப் பனையின் சோற்றுத்தண்டைத் தேடிப் போகிறது. கொக்கோ காயை உடைத்துக் கொட்டையை எடுத்தபின் தோட்டத்தில் குவிந்து மட்கும் ஓடுகளிலும் வருவது அதே காரணத்தால். தெட்டே குவார்ஷி 1879இல் கொக்கோவைக் கானாவுக்குக் கொண்டுவந்தபோது, தான் ஒரு காளானுக்கும் இடம் ஒதுக்குகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார். மனிதர் கள்ளுக்காகவும் கொக்கோவுக்காகவும் செய்த வேலையின் மிச்சத்தில் டோமோ குடியேறுகிறது. யாரும் நடவில்லை. ஆனாலும் மனிதர் கைபடாத காட்டில் அது அரிது.

புற்றுக்காளான் விஷயத்தில் மனிதருக்கு எந்தப் பங்கும் இல்லை. உழுவது, எருவிடுவது, களையெடுப்பது எல்லாமே கரையான். கூட்டில் வேறு பூஞ்சை முளைத்தால் அதைத் தலையெடுக்க விடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். நமக்கு அறுவடை மட்டும்.

நிலமும் இவற்றைப் பிரிக்கிறது. தெற்கே மழை இரண்டு பருவம்: ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பெரிய மழை, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சிறிய மழை. வடக்கே சவன்னா புல்வெளியில் ஒரே பருவம்தான், மே முதல் அக்டோபர் வரை. எண்ணெய்ப்பனை ஈரக்காட்டு மரம், ஆகவே டோமோ தெற்கத்திக்காரி. புற்றுக்காளானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கரையான் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. வடக்கே அது போய்ச் சேரும் சட்டியும் வேறு: தவதவா என்ற புளிக்கவைத்த கொட்டை மணக்கும் சாறு, ஷியா வெண்ணெய், அதோடு துவோ சாஃபி என்ற மாவுக்களி. கானாச் சமையல் என்றதும் தெற்கின் ஃபுஃபு உருண்டையை மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். நானும் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் தெற்கிலேயே நிற்கப்போகிறேன்.

விஷக்காளானை எப்படி விலக்குகிறார்கள்? இந்த இடத்தில் இரண்டு காளானும் எதிரெதிர் பாடம் சொல்லித் தருகின்றன. ஐரோப்பியக் காளான் நூல்கள் முதலில் மிரட்டுவது, தண்டின் அடியில் கிண்ணம் இருந்தால் தொடாதே என்றுதான். அமானிட்டா இனத்துக் கொலைகாரக் காளான்களுக்கு அந்தக் கிண்ணம் உண்டு. அந்த விதியைக் கடைப்பிடித்தால் டோமோவைத் தூக்கி எறியவேண்டும். டோமோவை அறிந்தவர் கிண்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை; அது எதிலிருந்து முளைத்தது, குடையின் அடியில் மடிப்புகள் என்ன நிறம் என்று பார்ப்பார். முதிர்ந்த டோமோவின் மடிப்பு இளஞ்சிவப்பு, அமானிட்டாவினுடையது வெள்ளை. முட்டையாக இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. அப்போது மரம்தான் சாட்சி. சாட்சி மாறினால் ஆபத்து. 2012 தொடங்கிய வேளையில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் புத்தாண்டு இரவு விருந்துக்குச் சமைத்த காளானால் இருவர் இறந்தார்கள். வைக்கோல் காளான் என்று எண்ணிப் பறித்தது அமானிட்டாவாக இருந்தது.

புற்றுக்காளானின் போலி வேறொன்று. வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், புல்தரையில் வட்டமாக முளைக்கும். தின்றால் வாந்தியும் பேதியும் ஆளைச் சாய்த்துவிடும். முற்றினால் அதன் மடிப்பு பச்சை பாயும். புற்றுக்காளானில் பச்சை வராது, டோமோ போலவே இளஞ்சிவப்பு சாயும். உறவில் தொலைவான இரு காளானுக்கும் இந்த நிறம் பொதுவாக அமைந்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் பறிப்பவர் முதலில் நம்புவது கையை: இழுத்தால் மண்ணுக்குள் நீண்டுபோகும் அந்த வேர்த்தண்டு போலிக்கு இல்லை. (இந்தப் பத்தியை நம்பி யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். பூச்சி கடித்த காளான் நல்ல காளான் என்ற நம் ஊர் நம்பிக்கையையும் இதோடு விட்டுவிடலாம். பூச்சிக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை.)

இனி சட்டிக்கு வரலாம்.

ட்வி மொழியில் கறிக்கும் மீனுக்கும் அடிச்சொல் ஒன்றே. மீனைச் சொல்லும்போது 'தண்ணீருக்குள் இருக்கும் கறி' என்கிற பொருளில் சொல்வார்கள். வீட்டுச் சமையலில் காளான் நிற்பதும் அந்த வரிசையில்தான், காய்கறி வரிசையில் இல்லை. கறி வாங்க முடியாத நாளில் அதன் இடத்தை நிரப்புவது என்று இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. எனக்கு அது முழுவதும் சரியாகப் படவில்லை. புற்றுக்காளான் கிடைத்த நாளில், கையில் காசு இருந்தாலும் கறியைக் குறைத்துப் போடும் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். டோமோ அப்படித் தனியாக ஆளாது. அதற்குத் துணை வேண்டும்.

புற்றுக்காளானுக்கு ஏற்றது ங்க்ரக்ரா. ஆங்கிலத்தில் 'லைட் சூப்' என்பார்கள். நம் கணக்கில் ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கும் சாறு. எண்ணெய் ஒரு துளி சேர்ப்பதில்லை. தக்காளி, வெங்காயம், மிளகாய், வெள்ளைக் கத்தரிக்காய் எல்லாவற்றையும் முழுசாகக் கொதிநீரில் போடுவார்கள். வெந்ததும் அவற்றை மட்டும் அரித்தெடுத்து அசங்காவில் இடுவார்கள். அசங்கா என்பது அகலமான மண்சட்டி; உட்புறம் முழுக்க நெருக்கமாக வரிகீறிச் சுட்டிருக்கும். தபோலி என்ற மரக்குழவி நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் உருண்டு, உடுக்கை போல இருக்கும். ஒடுங்கிய இடத்தைப் பிடித்து, சட்டியைத் தொடையிடுக்கில் அணைத்துக்கொண்டு வட்டமாக அரைக்கவேண்டும். மிளகாயை முதலில் உப்போடு நசுக்கி, பிறகு வெங்காயம், கடைசியில் தக்காளி. தக்காளித் தோல் அந்த வரிகளில் சிக்கி நிற்கும், விதை நழுவி ஓடும். அரைத்ததை வடிகட்டி மறுபடி பானையில் ஊற்றுவார்கள்.

அதற்குள் காளான் கழுவியாகியிருக்கும். புற்றுக்காளானில் பெரிய வேலை மண்ணைப் போக்குவதுதான். வேர்த்தண்டின் மேல்தோலைக் கத்தியின் முதுகால் வழித்து, குடையின் அடிமடிப்பை விரலால் தடவித் தடவி அலசவேண்டும். ஒரு மணல் பல்லில் நெரிந்தால் சட்டி முழுவதும் கெட்டது போலத்தான். பிறகு கத்தி தேவையில்லை. தண்டைக் கையால் கிழித்தால் வேகவைத்த நாட்டுக்கோழியின் மார்புச் சதை போல நார்நாராகப் பிரியும். கொதிக்கும் சாற்றில் போட்டதும் அது தன் நீரை விட்டுச் சுருங்கும். அந்த நீர்தான் சாற்றுக்கு ஆணிவேர். எண்ணெயும் கடலையும் மறைக்காத சாறு என்பதால் காளானின் ருசி நேராக நாக்குக்கு வரும். உடன் ஒரு துண்டு புகைபோட்ட மீன் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் போதும். எவ்வளவு கொதித்தாலும் காளான் கரையாது. அதன் செல்சுவர் கைட்டினால் ஆனது, நண்டு ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். காய்கறி குழைந்துபோன பின்னும் அது மெல்லுவதற்கு நிற்கும். ஃபுஃபுவை மெல்லாமல் விழுங்குகிற ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. மரவள்ளியும் வாழைக்காயும் வேகவைத்து உரலில் இடித்த அந்த உருண்டை தொண்டையில் வழுக்கி இறங்கிவிடும். பல்லுக்கு வேலை தருவது சாற்றில் கிடப்பவைதான்.

டோமோ வழவழப்பானது. உறையோடு எடுத்த முட்டையைப் பாதியாக நறுக்கினால் உள்ளே குடை, தண்டு, மடிப்பு எல்லாம் சின்னப் படமாகத் தெரியும். வாயில் அது மெத்தென்று வழுக்கும். தெளிந்த சாற்றில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தனியாக நீந்துவது போல இருக்கும். அதற்குக் கெட்டியான சாறு வேண்டும். அபுனுஅபுனு என்ற பச்சைச் சாறு ஒன்று உண்டு. கொன்தொமிரே எனும் சேம்பு இனத்து இளந்தழையை வேகவைத்து அரைத்துச் செய்வது. நத்தை, காளான், புகைபோட்ட மீன் மூன்றும் அதில் சேரும். பல வீடுகளில் சுண்டைக்காயும் உண்டு. அங்கே அபெட்ரு என்பார்கள், நம் சுண்டைக்காய்ச் செடியே அது. வற்றல் போடாமல் பச்சையாக வேகவைத்து அரைப்பார்கள். நத்தையும் மழைக்குத்தான் வெளிவரும், டோமோவும் மழைக்குத்தான் வரும். ஒரே நடையில் இரண்டையும் பொறுக்கி வந்தவர் கண்டுபிடித்த சேர்மானமாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். நத்தை ரப்பர் போல இழுக்கும், டோமோ வழுக்கும், தழை இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும்.

இன்னொன்று அபென்குவான், பனம்பழச் சாறு. எண்ணெய்ப்பனையின் பழத்தை வேகவைத்து, கொட்டை உடையாமல் பதமாக உரலில் இடித்து, நீர் சேர்த்துப் பிசைந்து நாரைப் பிழிந்துவிட்டால் செம்மஞ்சளாக ஒரு பால் வரும். அது மேலே எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவேண்டும். மரத்தின் உடலில் பிறந்த காளானை அந்த மரத்தின் பழச்சாற்றிலேயே போட்டுச் சமைப்பது. பக்கத்தில் அதே மரத்துப் புழு வறுவல், குடிக்க அதே மரத்துக் கள். கணக்குப் பார்த்தால் ஒரு சாய்ந்த மரத்துக்குள்ளேயே சாப்பாடு முடிந்துவிடுகிறது.

இந்தச் சட்டிகளுக்கு மொமோனே என்ற நாற்றக் கருவாடு ஒரு துண்டு போடுவதுண்டு. டோமோவுக்கு அது பொருந்தும். புற்றுக்காளானுக்கு அதைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஊதுபத்தி ஏற்றிய அறையில் மல்லிகையை முகர்ந்து பார்ப்பது போல ஆகிவிடும்.

இரண்டையும் அதிகநேரம் வைத்திருக்க முடியாது. ஆனால் கெடும் விதம் வேறு. டோமோவைப் பற்றி எனக்கு ஒரு பட்டறிவு உண்டு. நம் ஊரில் ஒரு முறை வைக்கோல் காளான் அரைக்கிலோ வாங்கி, மறுநாள் சமைக்கலாம் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் பாதி குழைந்து, பாத்திரத்தின் அடியில் பழுப்பு நீர் கட்டியிருந்தது. விற்றவரைத் திட்டிக்கொண்டே கொட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பிழை என்னுடையது. வெப்பத்தில் வளரும் இந்தக் காளானுக்கு 4 டிகிரி குளிர் ஆகாது. தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். 15 டிகிரியை ஒட்டிய இளங்குளிரில்தான் ஓரிரு நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மண்தரையில் வாழையிலைமேல் பரப்பி வைத்தது என்னுடையதைவிட நன்றாக இருந்திருக்கும். புற்றுக்காளானை வெயிலிலோ அடுப்புக்கு மேலே புகையிலோ உலர்த்தினால் மாதக்கணக்கில் இருக்கும், ருசியும் கூடும். டோமோவையும் உலர்த்தலாம்; அந்த வழுக்கல் போனபின் அதை ஏன் சாப்பிடவேண்டும் என்று தோன்றும்.

வழியோரத்தில் விற்கும்போது இந்த வித்தியாசம் விலையாக மாறுகிறது. நத்தைக் கூடைக்கும் காட்டு எலிக்கறிக்கும் பக்கத்தில், எனாமல் தட்டில் குவித்து, ஓடும் வண்டிகளை நோக்கித் தூக்கிக் காட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் போகாவிட்டால் விற்றவர் வீட்டுச் சட்டிக்குத்தான். சாய்ந்த பனைக்குச் சொந்தக்காரர் உண்டு, ஆகவே டோமோவைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டியிருக்கும். ஒரே மரத்தில் நாலைந்து முறை வரும் என்பதால் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் முடியும். புற்றுக்காளானுக்கு முதலில் பார்த்தவர் சொந்தக்காரர். அதைப் பார்த்துவைத்த இடத்தை ஊருக்குள் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள்.

அறிவியல் இந்த இரண்டையும் வளர்க்க முயன்ற கதையில் ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. டெர்மிட்டோமைசெஸ் இழைகளை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கலாம், மெதுவாக வளரும். ஆனால் கரையான் இல்லாமல் அதைக் குடைபிடிக்க வைத்து, சந்தைக்குப் போதுமான அளவில் எடுக்க இன்றுவரை எவராலும் முடியவில்லை. எச்சத்தால் கட்டிய கூடு, அதன் ஈரம், 30 டிகிரியை ஒட்டி மாறாத சூடு, இடைவிடாத களையெடுப்பு இவை எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வயல். டோமோ எளிது. நெல்வைக்கோல், பருத்திக் கழிவு, காய்ந்த வாழைச்சருகு என்று கிடைத்ததில் வளரும். விதைத்து இரண்டு வாரத்துக்குள் முட்டை எடுத்துவிடலாம். சீனர்கள் நெடுங்காலமாக அதை வளர்க்கிறார்கள். இந்தியாவில் முதன்முதலாக அதை வளர்த்துக் காட்டியது 1940களின் தொடக்கத்தில் நம் கோயம்புத்தூரில். கானாவில் ஒரு கள்ளு மரத்தின் மிச்சமாகப் பார்க்கப்பட்டது, இங்கே வேளாண் கல்லூரிப் பாடமாக ஆனது.

இத்தனைக்கும், கானாவில் 1990இல் தேசியக் காளான் வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது பெருக்கெடுத்தது டோமோ அல்ல, மூன்றாவது ஒன்று. மொரீஷியஸிலிருந்து வந்த சிப்பிக்காளான் ரகம் அது. அக்ராவிலிருக்கும் உணவு ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான வழியைச் செப்பனிட்டது. மரமறுக்கும் ஆலைகளில் மலையாகக் குவியும் வாவா மரத்தூளை நான்கு வாரம் மட்கவைத்து, அரிசித்தவிடு சேர்த்து, நெகிழிப் பையில் அடைத்து, இரும்புப் பீப்பாயில் ஆவிகட்டி, ஆறியதும் சோளத்தில் வளர்த்த வித்தை இடவேண்டும். மரத்தூளின் லிக்னினை உடைக்கும் வேலை சிப்பிக்காளானுக்கு வரும், டோமோவுக்கு வராது. அறுவடைக்குப் பின் கொஞ்சம் குளிரையும் தாங்கும். நகரத்துக்கு ஏற்ற குணங்கள். இன்று கடையில் பையில் போட்டுக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான், குறிப்புகளில் வரும் 'இரண்டு கைப்பிடி'யும் மெல்ல மெல்ல அதுவாகிவிட்டது.

சிப்பிக்காளானைப் போட்டு வைத்த ங்க்ரக்ராவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிழித்தால் நாராகப் பிரிகிறது, ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஆனால் சாறு அதை நம்பி நிற்காது. கூடவே கறியோ, கடையில் வாங்கிய மசாலாக் கட்டியோ தேவைப்படும். புற்றுக்காளானின் இடத்தில் வைத்தால் மெலிந்து தெரியும். டோமோவின் இடத்தில் வைத்தால் நாராகத் தனித்து நிற்கும். தன்னளவில் நல்ல காளான். பழைய குறிப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு சமைக்கும்போதுதான் தடுமாற்றம்.

டிசம்பரில் ஹர்மத்தான் காற்று சஹாராத் தூசியோடு இறங்கும். உதடு வெடிக்கும், துணி அரைமணியில் காயும், எந்தக் காளானும் முளைக்காது. வளர்ப்புக் கொட்டகைகளில் பைகள் காயாமலிருக்க நாளுக்குப் பலமுறை நீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். பனைமரத்து டோமோ அடுத்த மழைக்குத்தான். அடுப்புக்கு மேலே தொங்கும் கூடையிலிருந்து நாலைந்து கறுத்த துண்டுகளை எடுத்து வெந்நீரில் போட்டு மூடிவைப்பார்கள். அரைமணியில் நீர் தேநீர் நிறமாகும், துண்டுகள் ஊறித் தடிக்கும். அந்த நீரைக் கொட்டுவதில்லை. தெளியவிட்டு, மேலாகச் சாற்றில் சாய்த்து ஊற்றுவார்கள். ஜூன் மாதம் எத்தனை அலசியும் போகாத செம்மண் கொஞ்சம் கிண்ணத்தின் அடியில் தங்கியிருக்கும்.